நோய் வருமுன் வைத்தியர் வாசலுக்கு

மூன்று மீன்களின் கதையைச் சிறு வகுப்பிலே படியாத தமிழ்ப் பிள்ளை இல்லை எனலாம். வலைஞர் வரப்போவதை முன்னரே உணர்ந்து வேறு நீர்நிலைக்குப் போய்விட்டது ஒரு மீன். வலை விழுந்தபின் செத்ததுபோலக் கிடந்து, கரையில் எறியப்பட்டதும் துள்ளிப் பாய்ந்து தப்பியது மற்றொன்று. ‘வருவது வரட்டும்’ என்று வாளாவிருந்து மாண்டது மூன்றாவது. இக்கதையை இருபது வருடங்களுக்கு மேலாக நான் மாணவருக்குச் சொல்லி வருகிறேன். ஆயினும் அம்மூன்று மீன்களும் ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்க என் கண்ணாற் கண்டது ஒரு மாலைப் பொழுதில், எங்கள் சவளக்கடையில், ஒரு டாக்டரின் சிறிய மருந்தகத்து வாசலிலேதான்.

அது இரண்டு அறைகள் கொண்ட இடம். முன்னறையில் இரண்டு வாங்குகள், ஒரு மின்விசிறி, இலக்கமிட்ட அட்டைகள்; உள்ளறையில் டாக்டரின் மேசை, மருந்துப் போத்தல்கள், நிறுவைத் தராசு. பகலெல்லாம் அரசாங்க வைத்தியசாலையிற் கடமை புரிந்துவிட்டு, மாலையில் அங்கு வந்து அமருகிறார் டாக்டர். பத்து நாளாக விடாத இருமலுக்கு மருந்து பெறுவதற்காக நானும் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

என் வலப்பக்கத்தில் முதிய முஸ்லிம் அம்மையார் ஒருவர், மகளுடன் வந்திருந்தார். “என்ன வருத்தம் உம்மா?” என்று கேட்டேன். “ஒரு வருத்தமும் இல்ல மாஸ்டர். மாசத்துக்கு ஒருக்கா பிரசர் பார்க்க வாற நான்” என்றார் அவர். இடப்பக்கத்தில் இளந்தாய் ஒருத்தி. மடியில் இரண்டு நாட் காய்ச்சலோடு ஒரு குழந்தை. எதிர் வாங்கில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வலது பாதத்தைத் துணியாற் சுற்றிக்கொண்டிருந்தார். செருப்புக் கடித்த சிறு காயமாம். இரண்டு மாதமாக ஆறவில்லையாம். நீரிழிவு உண்டென்று முன்னரே சொன்னார்களாம். குளிசையை அவரே நிறுத்திவிட்டாராம். துணியின் ஓரத்திலே தெரிந்த விரல் கறுத்திருந்தது.

வருமுன் காத்தவர் ஒருவர்; வந்தவுடன் காக்க வந்தவர் ஒருவர்; வந்து நெடுநாள் கழிந்தபின் வந்தவர் ஒருவர். ‘நான் எந்த மீன்?’ என்ற வினா அப்போது என் மனத்தில் எழவில்லை. இருமலுக்கு வந்தவன் என்ற மட்டிலே நின்றது என் சிந்தனை.

உள்ளே சென்றதும் டாக்டர் நெஞ்சைச் சோதித்தார். இருமல் பாரதூரமானதன்று என்றார். பின், நான் கேளாமலே என் கையிற் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்தார். ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் செய்து மீண்டும் அளந்தார். 170க்கு 104. “சேர், தலையிடி, தலைச்சுற்று ஏதும் இருந்ததா?” என்று கேட்டார். “இல்லையே” என்றேன். “அதுதான் இந்த நோயின் பொல்லாத குணம். அது சொல்லிக்கொண்டு வருவதில்லை” என்றார் அவர்.

நாற்பத்தாறு வயதில், பிறருக்கு மூன்று மீன்களின் கதை சொல்லிக்கொண்டே, மூன்றாம் மீனாக நான் வாழ்ந்து வந்திருக்கிறேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

சிறு மருந்தகத்தின் பெரும் பணி

நகரத்து வைத்தியசாலையே வைத்தியம். ஊர் மருந்தகம் தடிமனுக்கும் இருமலுக்கும் மாத்திரமே என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. விசேட வைத்திய நிபுணர்கள் இருக்கின்றனர். அவற்றின் அருமையை மறுப்பார் யார்? ஆனால் அங்கே நாம் செல்வது பெரும்பாலும் நோய் முற்றிய பின்பு. ஆண்டு முழுவதும் நம் முகத்தைப் பார்த்து, நம் தந்தைக்கு என்ன நோய் இருந்தது, நம் வீட்டுக் கிணறு எப்படிப்பட்டது, நாம் செய்யும் தொழில் யாது என்பவற்றையெல்லாம் அறிந்திருப்பவர் ஊர் வைத்தியரே.

எங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும்போது, சவளக்கடைக்கும் கல்முனைக்கும் இடையிலான நேர்ப்பாதை துண்டிக்கப்படுவதுண்டு. கண்ணுக்கெட்டிய தூரத்திலே நகரம் இருக்கும், காலுக்கு எட்டாது. அத்தகைய நாட்களில், முன்னரே கண்டுபிடிக்கப்பட்டு மருந்தால் அடக்கப்பட்ட நோய் வீட்டில் இருக்கலாம். கண்டுபிடிக்கப்படாத நோய்தான் நள்ளிரவிலே தோணியையும் உழவு இயந்திரத்தையும் தேட வைக்கும்.

ஊர் மருந்தகத்திற் செய்யத்தக்கவை எவை? இரத்த அழுத்தம் பார்த்தல், விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சீனியின் அளவு பார்த்தல், நிறை பார்த்தல், காயத்துக்கு மருந்து கட்டல், நாட்பட்ட நோய்க்குரிய குளிசைகளை அளவறிந்து கொடுத்தல், பெரிய வைத்தியசாலைக்கு எப்போது போகவேண்டும் என்பதை அறிந்து கடிதம் கொடுத்தனுப்புதல். இக்கடைசிப் பணி மிக முக்கியமானது. எங்கே, எப்போது, எவரிடம் போகவேண்டும் என்று வழிகாட்டுவது பாதி வைத்தியம்.

வேல்ஸ் நாட்டில் ஒரு கிராமத்து டாக்டர்

இது சிறிய காரியம் என எண்ணுவோருக்கு, கடல் கடந்த நாடொன்றின் கதையைச் சொல்லலாம். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோரக் என்றொரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம் உண்டு. 1961ஆம் ஆண்டில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் டாக்டர் அங்கே பணியாற்றச் சென்றார். சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஏழைக் கிராமம் அது. இளவயதிலேயே மாரடைப்பினாலும் பாரிசவாதத்தினாலும் மக்கள் இறப்பதைக் கண்டு அவர் மனம் நொந்தார். 1960களின் பிற்பகுதியில், நோய் என்று வந்தவரை மாத்திரமன்றித் தம் பொறுப்பிலிருந்த வளர்ந்தோர் அனைவரினதும் இரத்த அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். சளிக்கு வந்தவருக்கும் அளந்தார். வாராதவரைத் தேடிச் சென்றும் அளந்தார்.

இருபத்தைந்து வருடகாலப் பணியின் பயனை அவர் 1991இல் வெளியிட்டார். அறுபத்தைந்து வயதுக்கு முன் நிகழும் மரணங்கள், இத்தகைய ஏற்பாடில்லாத அயற்கிராமத்தைவிட அவருடைய கிராமத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாயிருந்தன. அவரிடம் இருந்த கருவி என்ன? நம் ஊர் டாக்டரின் மேசைமீதுள்ள அதே கைப்பட்டைதான். அதனோடு ஒவ்வொருவரையும் பற்றி ஒழுங்காக எழுதி வைத்த குறிப்பேடு. அவற்றை விடாது தொடர்ந்த பொறுமை.

அவர் 1971இல் எழுதிய வேறொரு கருத்தும் உலகப் புகழ் பெற்றது. எங்கே நோய் மிகுதியோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவும், எங்கே நோய் குறைவோ அங்கே வைத்தியம் மிகுதியாகவும் கிடைக்கிறது என்பது அதன் சாரம். சவளக்கடை போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இதனை விளக்கத் தேவையில்லை, அனுபவமே ஆசிரியன். ஆனால் அந்தக் குறையை ஒரு பங்கேனும் நீக்க, பெரிய கட்டிடங்கள் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் அவருடைய பணியே காட்டிற்று.

என் பிழையும் ஒரு மாணவனின் முடிவும்

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். ஆயினும் இக்கட்டுரையினால் ஒருவராவது பயன் பெறவேண்டுமாயின், அதை மறைப்பது தகாது.

2014ஆம் ஆண்டு மார்கழி மாதம். என்னிடம் கல்வி கற்றுப் பின் விவசாயத்திலிறங்கிய வாலிபன் ஒருவன், வயலிற் களை பிடுங்கிவிட்டுத் திரும்பும் வழியில் என் வீட்டுப் படலையில் நின்றான். “சேர், ரெண்டு நாளாக் காய்ச்சல். கெண்டைக்கால் ரெண்டும் உளையுது, நடக்க ஏலாமக் கிடக்கு” என்றான். படித்தவன் என்று நம்பி என்னிடம் கேட்டான். நானோ, “மழையில் நனைந்த காய்ச்சல், மல்லித் தண்ணீர் குடி, பனடோல் இரண்டு போடு, நாலு நாளில் மாறும்” என்று சொல்லி அனுப்பினேன்.

நாலு நாளில் மாறவில்லை. ஐந்தாம் நாள் கண்கள் சிவந்து மஞ்சளித்தன, சிறுநீர் நின்றுவிட்டது. அன்று தாம்போதியில் வெள்ளம். உழவு இயந்திரத்தில் ஏற்றித் தண்ணீரைக் கடந்து கல்முனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வைத்தியர்கள் செய்யக்கூடியது அனைத்தையும் செய்தார்கள். மூன்றாம் நாள் அவன் இறந்தான். எலிக்காய்ச்சல் என்றார்கள்.

அந்நோயைப் பற்றிப் பின்னர் நான் தேடிக் கற்றவற்றை இங்கே தருகிறேன். அன்றே அறிந்திருந்தால் அவனை அந்த மாலையிலேயே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

எலி மாத்திரமன்றி மாடு, எருமை, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் இந்நோய்க் கிருமி வெளிப்படலாம். தேங்கிய நீரிலும் சேற்றிலும் அது பல நாட்கள் உயிரோடிருக்கும். காலிலுள்ள வெடிப்பு, கீறல், நீரில் ஊறி மென்மையான தோல், கண், வாய் ஆகியவற்றின் வழியாக உடலிற் புகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் காய்ச்சல் தோன்றும். கடும் தலையிடி, தசை நோவு, சிறப்பாகக் கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன முதற் குறிகள். கவனியாது விட்டால் ஈரலும் சிறுநீரகமும் பழுதடையும். 2008ஆம் ஆண்டில் மாத்திரம் நம் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் எனச் சந்தேகிக்கப்பட்டது. 200 பேர் வரையில் மாண்டனர்.

ஆனால் தொடக்கத்திலேயே கண்டால், எளிதிற் கிடைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே இதைத் தீர்த்துவிடும். அதனினும் மேலானது, நோய் வராமற் தடுக்கும் வழி. வயல் வேலை தொடங்கும் காலத்தில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினூடாகவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரூடாகவும் டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து ஆபத்துக்குரிய விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. வயலில் இறங்குமுன் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், வேலை முடியும்வரை உட்கொள்ள வேண்டும். உணவுக்குப்பின் நிறையத் தண்ணீரோடு விழுங்குதல் நன்று. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இதை எடுத்தலாகாது. வேறு மருந்து எடுப்போர் டாக்டரைக் கேட்டே எடுத்தல் வேண்டும். காலிற் காயமுள்ளோர் சேற்றில் இறங்காதிருப்பதும், வேலை முடிந்ததும் சுத்தமான நீரிற் குளிப்பதும், காய்ச்சல் வந்தவுடன் “நான் வயலில் வேலை செய்பவன்” என்று டாக்டரிடம் தாமாகவே சொல்வதும் அவசியம். அந்த ஒரு வசனம் ஓர் உயிரைக் காக்கும்.

வட்டவிதானைமாரும் போடிமாரும் விதைப்புக்கு நாட்குறிக்கும் கூட்டத்திலேயே இம்மருந்துக்கும் நாட்குறிப்பார்களாயின் எத்துணை நன்று! விதை நெல்லை முன்னரே தேடி வைக்கிறோம். விதைப்பவனைக் காக்கும் மருந்தை ஏன் முன்னரே தேடலாகாது?

தளர்ந்த கை, திரும்பிய நோய்

தடுப்பு வேலையின் துர்ப்பாக்கியம் ஒன்றுண்டு. அது வெற்றி பெறும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. நோய் வரவில்லையாயின், ‘இவ்வளவு பாடு எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கு இலங்கையின் மலேரியா வரலாறே விடை.

1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டிற் பெருவாரியாகப் பரவி ஏறத்தாழ 80,000 மக்களைக் கொண்டது. 1946 முதல் டிடிடி மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைந்து, காடு வெட்டிக் கொலனிகள் உருவானமைக்கும், எங்கள் பக்கத்து வயல்கள் விரிந்தமைக்கும் நுளம்பு அடங்கியதும் ஒரு காரணம். 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே! நோய் ஒழிந்ததென்று கைகள் தளர்ந்தன, கண்காணிப்புக் குறைந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர் பல்லாண்டு காலம் பாடுபட்ட பிறகே, 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நாட்டுக்கு நேர்ந்த இதே பிழையை வீட்டிலும் நாம் செய்கிறோம். இரத்த அழுத்தம் சரியாகிவிட்டதென்று குளிசையை நிறுத்துகிறோம். அது சரியானது குளிசையினாலன்றோ? வாங்கிலே கறுத்த விரலோடு இருந்த அந்த மனிதரின் கதையும், 1963க்குப் பிந்திய மலேரியாவின் கதையும் ஒன்றே.

கேளாமலே கிடைக்கும் செல்வங்கள்

நம் நாட்டின் தடுப்புச் சுகாதார சேவை பழைமையானது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளே இன்று நாடெங்கும் உள்ளன. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர், கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கே வருகிறார். 1940களின் நடுப்பகுதியில் ஆயிரம் பிரசவத்துக்குப் பதினைந்து தாய்மார் வரை இறந்த நாடு இது. இன்று இலட்சம் பிரசவத்துக்கு முப்பது நாற்பது என்ற அளவுக்கு அது குறைந்துள்ளது. மருத்துவிச்சியின் கையை மாத்திரம் நம்பியிருந்த நம் பாட்டிமார் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போர் இதன் அருமையை உணர்வர்.

1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. 1993க்குப் பிறகு இளம்பிள்ளைவாத நோயாளர் ஒருவரேனும் இங்கு காணப்படவில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலைத் திட்டத்தினூடாக இலவசமாகப் போடப்படுகிறது. இவ்வூசியைப் பற்றி வீண் ஐயம் கொண்டு, கையொப்பமிட மறுக்கும் பெற்றோரை நான் கண்டதுண்டு. பிள்ளையின் பத்து வயதில் இட மறுக்கும் ஒரு கையொப்பத்துக்கு, அவள் நாற்பது வயதிற் பெருவிலை கொடுக்க நேரலாம்.

முப்பத்தைந்து வயதான பெண்களுக்கு நற்பெண் கிளினிக்குகள் 1996 முதல் நடத்தப்படுகின்றன. மார்பகமும் கருப்பைக் கழுத்தும் அங்கே பரிசோதிக்கப்படும். கூச்சம் காரணமாக நம் தாய்மாரும் சகோதரிமாரும் இதனைத் தவிர்க்கின்றனர். அங்கே பரிசோதிப்போர் பெரும்பாலும் பெண்களே என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுதல் ஆண்களின் கடமையுமாகும். முப்பத்தைந்து வயதைக் கடந்த இருபாலாருக்கும், இரத்த அழுத்தம், சீனி, நிறை முதலியவற்றைப் பார்த்து அறிவுரை கூறும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் அமைக்கப்பட்டு வருகின்றன. இவற்றுக்குச் செல்வோருள் ஆண்கள் மிகக் குறைவு. ‘வேலைக்குப் போகவேண்டும்’ என்பது நாம் சொல்லும் சமாதானம். பாரிசவாதம் வந்தபின் எந்த வேலைக்குப் போவது?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். சோற்றில் உப்பைக் குறைப்பதற்கும், தேநீரிற் சீனியைக் குறைப்பதற்கும், மாலையில் அரைமணி நேரம் நடப்பதற்கும் என்றும் தட்டுப்பாடு வந்ததில்லை.

வீட்டிலே நினைவிற் கொள்ளத்தக்கவை

டாக்டர்களிடமும் சுகாதார உத்தியோகத்தரிடமும் கேட்டறிந்தவற்றுள், குடும்பத்தினர் யாவரும் மனத்திற் பதிக்க வேண்டியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

1. இரத்த அழுத்தம் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் மீண்டும் மீண்டும் காணப்படின் அது நோய். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 100க்குக் கீழிருத்தல் நன்று. 126 அல்லது அதற்கு மேலாயின் நீரிழிவு எனக் கொண்டு டாக்டர் மறுபடியும் சோதிப்பார். இவ்விலக்கங்களைப் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் அறிந்திருக்கட்டும்.

2. டெங்குக் காய்ச்சல் 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. அந்நுளம்பு பகலிற் கடிப்பது. தெளிந்த நீரில் முட்டையிடுவது. சிரட்டை, தயிர்ச் சட்டி, பூச்சாடித் தட்டு, பழைய டயர், அடைபட்ட பீலி ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அல்லாமல் அஸ்பிரின், ஐபுபுரோபன் முதலியவற்றைக் கொடுக்கலாகாது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை அவசியம். காய்ச்சல் தணிந்தது கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம்; டெங்கில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேதான் தொடங்குகிறது. வயிற்று நோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், இரத்தக் கசிவு, சோர்வு இவற்றுள் எது தோன்றினும் உடனே வைத்தியசாலை செல்க.

3. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் எங்கள் பகுதியில் ஆழமானது. இலங்கை ஆண்களிடையே முதலிடம் வகிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. புகையிலை இல்லாத பாக்கும் கேடு தருவதென இப்போது உறுதியாகியுள்ளது. வாயினுள் வெண்தழும்போ செந்தழும்போ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ காணின், பல் வைத்தியரிடம் காட்டுக. விருந்தினரை உபசரிக்கும் வட்டாவில் வேறு பண்டம் வைப்பதால் நம் மரியாதை குறைந்துவிடாது.

4. நீரிழிவு உள்ளோர் இரவு தோறும் பாதத்தை விளக்கொளியிற் பார்த்தல் வேண்டும். வெறுங்காலோடு நடத்தலாகாது. சிறு காயத்தையும் மறுநாளே காட்டுதல் வேண்டும்.

5. ஒருவருக்குத் திடீரென முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் நேர்ந்தால் அது பாரிசவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து தகுந்தவருக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்படவேண்டும். எண்ணெய் தேய்க்கவும் வேறு பரிகாரம் தேடவும் அது நேரமன்று. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

6. பாம்பு தீண்டினால் காயத்தைக் கீறவும், வாயால் உறிஞ்சவும், இறுகக் கட்டவும் வேண்டாம். தீண்டப்பட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

வைத்தியரிடம் செல்லும் முறை

மருத்துவம் நான்கு பகுதியினது என்று திருவள்ளுவர் வகுத்தார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நாமோ வைத்தியனையும் மருந்தையும் மாத்திரம் பற்றிப் பேசுகிறோம். மற்றைய இருவரையும் மறந்துவிடுகிறோம். நோயாளிக்கும் பேணுபவருக்கும் உரிய கடமைகள் சில உள.

கிளினிக் கொப்பியையும், எடுக்கும் மருந்துகள் யாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கையோடு கொண்டு செல்க. பரியாரியாரிடமோ யூனானி வைத்தியரிடமோ மருந்து எடுத்திருந்தால் அதையும் மறையாது சொல்க. கேட்க நினைத்த வினாக்களை வீட்டிலேயே எழுதிக்கொள்க. டாக்டரின் முன் அமர்ந்ததும் பாதி மறந்துபோகும். தடிமனுக்கெல்லாம் வலிய மருந்து தருமாறு வற்புறுத்த வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையற்ற இடத்திற் பயன்பட்டால், தேவையான இடத்தில் அது பயன்படாது போகும். பக்கத்து வீட்டாருக்குச் சுகம் தந்த குளிசையை வாங்கி விழுங்குதலும் அத்தகைய பிழையே.

டாக்டர் சொன்னது விளங்காவிட்டால் வெட்கமின்றி மீண்டும் கேட்க வேண்டும். 1840களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவிய டாக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர், தமிழ் கற்று, மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். நோயாளிக்கு விளங்கும் மொழியிலே பேசப்படாத வைத்தியம் முழுமையாகாது என்பதை ஒரு பிறநாட்டார் அன்றே உணர்ந்திருந்தார். நம் ஊர் டாக்டர் நம் மொழியிலே பேசுகிறார். அவரிடம் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

மாணவருக்கு ஒரு வேண்டுகோள்

என் இருமல் ஒரு கிழமையில் நின்றுவிட்டது. இரத்த அழுத்தம் அவ்வாறு நின்றுவிடவில்லை. தினம் ஒரு குளிசை. கருவாடும் ஊறுகாயும் குறைந்தன. வாய்க்காற் கரையோரமாக மாலையில் நடக்கிறேன். சென்ற மாதம் அளந்தபோது 132க்கு 84. அதே வாங்கில் அமர்ந்திருந்தேன். அதே முதிய அம்மையாரும் வந்திருந்தார். “இப்ப மாஸ்டரும் வருத்தமில்லாம வாறீங்க” என்று சிரித்தார். அப்பெரியவரின் சொல்லை, என் மாணவன் ஒருவனுக்கு நான் சொல்லத் தவறிய சொல்லோடு சேர்த்து நினைத்துக்கொண்டேன். அவனுடைய பெண்பிள்ளை இப்போது எங்கள் ஊர்ப் பாடசாலையிற் படிக்கிறாள்.

இதனை வாசிக்கும் மாணவ மாணவியரே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களுள் சென்ற ஓராண்டுக்குள் இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்தவர் யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பார்க்காதவரின் கையைப் பிடித்து, வரும் கிழமைக்குள் ஊர் மருந்தகத்துக்கோ அரசாங்க வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தந்தை வயல் வேலை செய்பவராயின், அடுத்த விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுமாறு நினைவூட்டுங்கள். வாப்பாவோ அப்பாவோ முதலிற் சினப்பார், பிறகு வருவார். பிள்ளை கேட்டு மறுத்த தந்தையை நான் அதிகம் கண்டதில்லை.

பரீட்சைக்குப் படிக்கும் பாடங்களை மறந்துபோனாலும் பாதகமில்லை. இந்த ஒரு பாடத்தை மறவாதிருங்கள்: காய்ச்சலோடு படலையில் வந்து நிற்பவனிடம் “நாலு நாள் பார்ப்போம்” என்று சொல்லாதீர்கள். “வா, டாக்டரிடம் போவோம்” என்று சொல்லிச் செருப்பை மாட்டுங்கள்.